தோற்ற பிள்ளைகளே வென்றார்கள்

(தோட்டப்புற இளைஞர் மன்றப் பொறுப்பாளர்களும் விளையாட்டுப் பயிற்றுநர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

இளைஞர் குழு ஒன்று தொடர்ந்து தோற்றுக்கொண்டே இருக்கிறது. பார்க்க வருவோர் குறைகின்றனர். வருவோரும் கேலி பேசுகின்றனர். பிள்ளைகள் தலைகுனிந்து திடலுக்குள் நுழைகின்றனர். அந்நிலையில் புதிய பயிற்றுநர் ஒருவர் பொறுப்பேற்கிறார். அவர் முதலில் செய்ய வேண்டியது யாது?

"தோற்றவர்களை நீக்குக, கெட்டிக்காரர்களைச் சேர்த்துக்கொள்க" என்பதே நம்மில் பலர் உடனே தரும் விடையாகும். கேட்பதற்கு அது நியாயமாகவே தோன்றும். ஆனால் நீக்கப்படும் அப்பிள்ளை எங்கே செல்வான்? தான் எதற்கும் உதவாதவன் என்னும் எண்ணத்தைச் சுமந்துகொண்டு வீடு திரும்புவான். திடலில் தோன்றிய அவ்வெண்ணம் பள்ளிக்கும் வரும், வேலைக்கும் வரும். ஆகவே, தோற்கும் குழுவை என்ன செய்வது என்பது வெறும் விளையாட்டுக் கேள்வியன்று. பிள்ளைகளின் வாழ்க்கையைத் தொடும் கேள்வியாகும்.

இதற்கு வேறொரு விடையும் உண்டு என்பதைக் காட்டும் அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். அது அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக் கூடைப்பந்துக் குழுவின் வரலாறு.

மோட்டார் நகரத்தின் குழு

நம் திடல்களில் காற்பந்தே அரசு செலுத்துகிறது. எனவே, கூடைப்பந்தைப் பற்றிச் சில சொற்கள் கூறிவிடுகிறேன். பக்கத்துக்கு ஐவர் ஆடுவர். பத்தடி உயரத்திலுள்ள வளையத்தினுள் பந்தைப் போட்டால் இரண்டு புள்ளி. களத்தில் வரையப்பட்ட வளைகோட்டுக்கு வெளியே தொலைவில் நின்று போட்டால் மூன்று புள்ளி. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியில் பந்தைப் பெற்ற குழு 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்துவிட வேண்டும். தேசியக் கூடைப்பந்துக் கழகத்தில் 30 குழுக்கள் உள்ளன. ஒவ்வொரு குழுவும் ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடும்.

டெட்ராய்ட் மோட்டார் வாகனத் தொழிலால் வளர்ந்த நகரம். நம் முன்னோர் வெட்டிய பால்மரங்களுக்கும் அந்நகருக்கும் தொடர்பு உண்டு. அமெரிக்க மோட்டார் வண்டிகளின் சக்கரங்களுக்கு வேண்டிய ரப்பரில் பெரும் பங்கு ஒருகாலத்தில் மலாயாவிலிருந்தே சென்றது. அந்நகரத்துக் குழுவின் பெயர் 'பிஸ்டன்ஸ்' என்பதாகும். அதைத் தோற்றுவித்தவர் இயந்திரங்களுக்குப் பிஸ்டன் செய்யும் தொழிற்சாலையை நடத்தியவர். வேறு ஊரில் பிறந்த அக்குழு 1957ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1989, 1990, 2004 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியது. உடல் வருந்த உழைத்து, எதிரியை எளிதில் விடாது ஆடும் குழு என்னும் பெயர் அதற்கு இருந்தது.

அத்தகைய குழு 2023-24ஆம் பருவத்தில் எந்நிலையை எய்தியது தெரியுமா? தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்றது. நவம்பர் மாதம் முழுவதிலும் ஒரு வெற்றிகூட இல்லை. ஒரே பருவத்தில் அவ்வளவு நீண்ட தோல்வித் தொடரை அதற்குமுன் எந்தக் குழுவும் கண்டதில்லை. குழுவை விற்றுவிடுமாறு உரிமையாளரை நோக்கிச் சொந்த ஊர் மக்களே அரங்கில் முழக்கமிட்டனர். 2023 டிசம்பர் 30ஆம் நாள் டொரொண்டோ குழுவை 129-127 என்று வென்றபோதுதான் அத்தொடர் முடிவுற்றது. பருவத்தின் இறுதிக் கணக்கு 14 வெற்றி, 68 தோல்வி. அக்குழுவின் வரலாற்றிலேயே மிகத் தாழ்ந்த நிலை அது.

அக்குழுவினர் திறமையற்றவர்கள் அல்லர். கேட் கன்னிங்ஹாம், 2021ஆம் ஆண்டில் நாடு முழுவதிலுமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட புதியவர்களுள் முதலாமவர். ஜேடன் ஐவி, ஜேலன் டியூரன், ஆசார் தாம்சன், ஐசையா ஸ்டூவர்ட் ஆகியோரும் மிகுந்த எதிர்பார்ப்புடன் சேர்க்கப்பட்டவர்களே. அனைவரும் இருபது வயதை ஒட்டியவர்கள். பயிற்றுநரும் சாமானியர் அல்லர். மான்டி வில்லியம்ஸ் என்னும் அவர் 2022ஆம் ஆண்டில் சிறந்த பயிற்றுநர் விருது பெற்றவர். திறமை இருந்தது, புகழ் இருந்தது, பணமும் இருந்தது. ஆயினும் வெற்றி இல்லை.

பட்டை உரியாத பருவத்தில் இளங்கன்றின்மீது கத்தி வைத்தால் என்ன ஆகும் என்பது பால்மரத்தை அறிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதன்று. இளைஞர் ஐவரை ஒரே நேரத்தில் களத்தில் நிறுத்தி, மூத்தோரின் சுமையை அவர்கள் தலையில் ஏற்றியதே அங்கு நிகழ்ந்த பிழையாகும்.

வந்தவர் யார்?

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வில்லியம்ஸ் விடுவிக்கப்பட்டார். ஜூலையில் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் பொறுப்பேற்றார். அவருடைய தந்தையார் பெர்னி பிக்கர்ஸ்டாஃப் நெடுங்காலம் பயிற்றுநராக விளங்கியவர். மகன் தந்தையிடமே துணைப் பயிற்றுநராக இருந்து தொழில் பழகினார்.

அவரும் அப்பொழுது வேலையிழந்து நின்றவரே என்பதை நாம் மறத்தலாகாது. கிளீவ்லண்ட் நகரத்து இளங்குழு ஒன்றை அவர் முன்பு ஏற்று நடத்தினார். 2020-21இல் 22 ஆட்டங்களை மட்டுமே வென்ற அக்குழு, அடுத்த பருவத்தில் 44 ஆட்டங்களையும், அதற்கடுத்த பருவத்தில் 51 ஆட்டங்களையும் வென்றது. 2023-24இல் 48 ஆட்டங்களை வென்று இரண்டாம் சுற்றுவரை சென்றது. அவ்வளவு உயர்த்திய பின்னரும், அதற்குமேல் கொண்டுசெல்ல வேறொருவர் வேண்டும் எனக் கருதிய நிருவாகம் 2024 மே மாதத்தில் அவரை நீக்கியது.

ஆக, தோற்ற குழுவும் நீக்கப்பட்ட பயிற்றுநரும் சந்தித்தனர். அவர் செய்தவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது: தடுப்பாட்டமே அடித்தளம்

கூடைப்பந்தில் எறிதல் என்பது நாளைப் பொறுத்தது. இன்று கை நன்றாக வரும், நாளை வராது. தேர்ந்த ஆட்டக்காரருக்கும் இதுவே விதி. ஆனால் எதிராளியைக் காப்பது அவ்வாறன்று. ஓடித் திரும்புதல், கால்களைத் தாழ்த்தி எதிரில் நிற்றல், நழுவிய பந்துக்குப் பாய்தல், தோழன் ஏமாந்துவிட்டால் அவன் இடத்தை நிரப்புதல் ஆகியவை யாவும் மனமும் உழைப்பும் சார்ந்தவை. கை வராத நாளிலும் இவற்றைச் செய்யலாம்.

பிக்கர்ஸ்டாஃப் முதல் நாளிலிருந்தே இதைத்தான் வலியுறுத்தினார். "நாம் யார்?" என்னும் கேள்விக்குக் குழுவுக்கு ஒரே விடை வேண்டும், அவ்விடை தடுப்பாட்டமும் உடல் உறுதியும் என்றார். இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். தோல்வியில் துவண்ட பிள்ளையிடம் "நிறையப் புள்ளி எடு" என்றால் அவன் அஞ்சுவான். ஏனெனில் அது அவன் கையில் மட்டும் இல்லை. "ஓடித் திரும்பு, கையை உயர்த்து" என்றால் அது அவன் கையிலேயே இருக்கிறது. செய்து முடித்தவுடன், தோற்றாலும், "நான் சொன்னதைச் செய்தேன்" என்னும் மனநிறைவு அவனுக்குக் கிடைக்கிறது. தன்னம்பிக்கையின் முதல் விதை அதுவே.

இரண்டாவது: இளையோருக்கு அருகே மூத்தோர்

குழுவின் புதிய நிருவாகத் தலைவரான டிராஜன் லாங்டன், இளையோரை விற்றுவிடாமல் அவர்களுக்குத் துணையாக மூத்தோர் சிலரைக் கொண்டுவந்தார். டோபையஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே ஜூனியர் ஆகிய இருவரும் 32 வயதினர். மாலிக் பீஸ்லி தொலைவிலிருந்து எறிவதில் வல்லவர்.

இவர்களால் விளைந்த பயன் இரண்டு. முதலாவது ஆட்டத்தைச் சார்ந்தது. தொலைவிலிருந்து எறிவோர் இல்லாத குழுவைத் தடுப்பது எளிது. எதிரிகள் ஐவரும் வளையத்தின் அருகே திரண்டு நின்றுவிடுவர். முந்தைய பருவத்தில் கன்னிங்ஹாம் பந்துடன் உள்ளே நுழையும்போதெல்லாம் இருவரோ மூவரோ அவரை மறித்தனர். எறிவதில் வல்லோர் வெளியே நின்றால், எதிரிகள் அவர்களைக் காக்க வெளியே வந்தேயாக வேண்டும். உள்ளே வழி பிறக்கும். பீஸ்லி அப்பருவத்தில் 319 மூன்று புள்ளி எறிகளைக் கூடையில் சேர்த்தார். கழகம் முழுவதிலும் அவரை விஞ்சியவர் ஒருவரே. அவருடைய கையால் வந்த புள்ளிகளைவிட, அவர் நின்ற இடத்தால் பிறருக்குக் கிடைத்த வழி பெரிது எனலாம்.

இரண்டாவது பயன் கண்ணுக்குத் தெரியாதது. புதிதாகக் கத்தி பிடிப்பவனுக்குத் தேர்ந்தவரின் நிரைக்குப் பக்கத்து நிரையைக் கொடுப்பது தோட்டத்து வழக்கம். எவரும் பாடம் நடத்துவதில்லை, பார்த்தே கற்றுக்கொள்கிறான். எந்நேரத்துக்குப் பயிற்சிக்கு வருவது, தோற்ற மறுநாள் எவ்வாறு நடந்துகொள்வது, நடுவர் தவறாகத் தீர்ப்பளித்தால் எவ்வாறு பொறுத்துக்கொள்வது ஆகியவற்றை இளையோர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தே அறிந்துகொண்டனர்.

மூன்றாவது: ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை

முந்தைய பருவத்தில் யார் தொடக்கத்தில் ஆடுவர், யார் பின்னர் இறங்குவர் என்பது அடிக்கடி மாறிற்று. ஐவி போன்ற இளைஞர்கூடத் தம் இடம் எதுவென்று அறியாது தவித்தார். புதிய பயிற்றுநர் அக்குழப்பத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார். கன்னிங்ஹாமிடம் ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு. ஐவியிடம் வேகமாக உள்ளே பாயும் பொறுப்பு. டியூரனிடம் வளையத்தின் அடியில் பந்தைக் கைப்பற்றும் பொறுப்பு. இரத்தக் கட்டி நோயால் பல மாதம் ஆட இயலாதிருந்து நவம்பரில் திரும்பிய தாம்சனிடம், எதிர்க்குழுவின் தலைசிறந்த ஆட்டக்காரரைக் காக்கும் பொறுப்பு.

இவர்களுள் ஸ்டூவர்ட்டின் நிலையைத் தனியே குறிப்பிட வேண்டும். முன்பு தொடக்க ஐவருள் ஒருவராக ஆடியவர் அவர். புதிய ஏற்பாட்டில் பெரும்பாலும் டியூரனுக்கு மாற்றாகப் பின்னர் இறங்குபவரானார். இதைத் தாழ்வென எண்ணி அவர் முகம் சுளித்திருக்கலாம். மாறாக, ஆடிய சிறிது நேரத்திலும் வளையத்துக்குக் காவலாக நின்று குழுவின் தடுப்பாட்டத்துக்கு முதுகெலும்பானார். வேலை சிறிதாயினும் தெளிவாக இருந்தால் மனிதன் அதைப் பெருமையுடன் செய்வான் என்பதற்கு இது சான்று.

நான்காவது: பிழையைப் பொறுத்தல்

கன்னிங்ஹாம் அப்பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 26 புள்ளிகள் எடுத்தார். பிறர் புள்ளி எடுக்க ஒன்பது முறை வழி செய்தார். அதே வேளையில் ஆட்டத்துக்கு நான்கு முறைக்குமேல் பந்தை எதிரியிடம் இழந்தார். கழகத்திலேயே மிகுதியாகப் பந்தை இழந்தவர்களுள் அவரும் ஒருவர். ஆயினும் பயிற்றுநர் பந்தை அவர் கையிலிருந்து பிடுங்கவில்லை. 23 வயது இளைஞர் முடிவெடுக்கப் பழக வேண்டுமாயின், முடிவெடுக்கும் உரிமை அவருக்கு இருந்தாக வேண்டும். தவறு செய்தவுடன் இழுத்து உட்கார வைத்தால், பிள்ளை தவறு செய்யாமலிருக்கக் கற்பானேயன்றி ஆடக் கற்கமாட்டான்.

பிள்ளைகளின் கையைத் திருத்துவதற்கும் வழி செய்யப்பட்டது. எறிதல் பயிற்சியில் பெயர் பெற்ற ஃபிரெட் வின்சன் என்பவர் துணைப் பயிற்றுநராக அமர்த்தப்பட்டார். பொறுத்தல் என்பது கண்டும் காணாமல் இருத்தலன்று. பிழையைப் பயிற்சியில் திருத்த வேண்டும். களத்தில் பொறுக்க வேண்டும்.

விளைவு யாது?

இவ்வளவும் செய்த பின்னர் 2024-25ஆம் பருவம் தொடங்கியது. முதல் நான்கு ஆட்டங்களிலும் தோல்வியே! பழைய கதை மீண்டும் எழுதப்படுகிறது என்று பலர் எண்ணியிருப்பர். பயிற்றுநரோ வழியை மாற்றவில்லை. ஐந்தாம் ஆட்டத்தில் ஃபிலடெல்ஃபியா குழுவை வென்றனர். டிசம்பர் முடிவதற்குள் முந்தைய பருவம் முழுவதிலும் பெற்ற 14 வெற்றிகளையும் எட்டிவிட்டனர்.

2025 ஜனவரி முதல் நாள் ஐவியின் கால் முறிந்தது. 30 ஆட்டங்களில் சராசரி 17 புள்ளிக்குமேல் எடுத்துக்கொண்டிருந்தவர் அப்பருவம் முழுவதும் ஆட இயலாமற் போயிற்று. ஒருவரை நம்பிய குழுவாயின் அன்றே சரிந்திருக்கும். இக்குழு சரியவில்லை. பிப்ரவரியில் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்றது. பருவ இறுதியில் 44 வெற்றி, 38 தோல்வி. 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் முந்தைய வெற்றி எண்ணிக்கையை மும்மடங்காக்கிய முதல் குழு என்னும் பெருமை அதற்குக் கிட்டியது.

2019க்குப் பின் முதன்முறையாக இறுதிக்கட்டச் சுற்றுகளுக்கும் தகுதி பெற்றது. அங்கு நியூயார்க் குழுவை எதிர்கொண்டது. முதல் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் முன்னணியில் இருந்த டெட்ராய்ட், எதிரி தொடர்ச்சியாக 21 புள்ளிகள் எடுக்க, ஒரு புள்ளியும் எடுக்க இயலாமல் தோற்றது. இளங்குழு ஒன்று உடைந்து போவதற்கு அது போதும். ஆனால் இரண்டு நாள் கழித்து, 2025 ஏப்ரல் 21இல், அதே எதிரியை அதன் சொந்த அரங்கிலேயே 100-94 என்று வென்றது. கன்னிங்ஹாம் மட்டும் 33 புள்ளிகள் எடுத்தார். 2008க்குப் பின் இறுதிக்கட்டச் சுற்றுகளில் தொடர்ந்து 15 ஆட்டங்கள் தோற்றிருந்த குழுவின் துயரம் அன்று நீங்கியது.

முடிவில் தொடரை நான்குக்கு இரண்டு என்று நியூயார்க் வென்றது. ஆறாம் ஆட்டம் 116-113 என்று கடைசி விநாடிகளில் கைநழுவிற்று. எனினும், களத்தை விட்டு வெளியேறிய அக்குழுவை நோக்கி ஊர்மக்கள் இம்முறை குழுவை விற்குமாறு முழங்கவில்லை. கன்னிங்ஹாம், டியூரன், தாம்சன், ஸ்டூவர்ட் ஆகியோர் 28 முறை தொடர்ந்து தோற்ற அதே பிள்ளைகள்! மாறியவர்கள் அவர்கள் அல்லர்; அவர்களைச் சுற்றியிருந்த ஒழுங்கே மாறியது.

இரு எச்சரிக்கைகள்

நல்லதை மட்டும் கூறி அமர்ந்துவிடுதல் முறையாகாது. உடல் உறுதியைப் பெரிதாகப் போற்றும் குழுவுக்கு ஓர் ஆபத்து உண்டு. 2025 மார்ச் 30ஆம் நாள் மின்னசோட்டா குழுவுடன் நிகழ்ந்த ஆட்டத்தில் தள்ளுமுள்ளு கைகலப்பாயிற்று. இரு தரப்பிலும் எழுவர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் பிக்கர்ஸ்டாஃபும் ஒருவர்! ஸ்டூவர்ட்டுக்கு இரண்டு ஆட்டத் தடையும் விதிக்கப்பட்டது. உறுதிக்கும் முரட்டுத்தனத்துக்கும் இடையே கோடு ஒன்று உண்டு. அக்கோட்டைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியவர் பயிற்றுநர். அவரே அதைத் தாண்டினால் காட்டுவோர் யார்? நம் திடல்களில் ஆட்டம் சண்டையாக முடிந்த நாள்களை நினைவிற் கொண்டு இதைச் சிந்திக்க வேண்டுகிறேன்.

மற்றோர் எச்சரிக்கை பயிற்றுநர்களாகிய உங்களுக்கு. பிக்கர்ஸ்டாஃப் கிளீவ்லண்டில் வளர்த்த குழு, அவர் நீங்கிய மறு பருவத்தில் 64 ஆட்டங்களை வென்றது. அவ்வாண்டின் சிறந்த பயிற்றுநர் விருது அவருக்குப்பின் அங்கு வந்த கென்னி அட்கின்சனுக்குக் கிடைத்தது. பிக்கர்ஸ்டாஃப் இரண்டாமிடம் பெற்றார். கன்று நட்டவரே பால் எடுப்பார் என்பது உறுதியில்லை. இளைஞரை உருவாக்கும் பணியில் இறங்குவோர் இதை அறிந்தே இறங்க வேண்டும்.

நாம் கொள்ளத் தக்கவை

"அவர்களிடம் கோடிக்கணக்கில் பணம் இருக்கிறது, நம்மிடம் கிழிந்த பந்தும் மேடு பள்ளமான திடலும்தானே இருக்கின்றன?" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் நான் கூறிய நான்கையும் மீண்டும் எண்ணிப் பாருங்கள். உழைப்பால் மட்டுமே செய்யத்தக்க ஒன்றை அடித்தளமாக்குதல். இளையவனுக்கு அருகே மூத்தவர் ஒருவரை நிறுத்துதல். ஒவ்வொருவனுக்கும் அவன் வேலையைத் தெளிவாகச் சொல்லுதல். பிழையைக் களத்தில் பொறுத்துப் பயிற்சியில் திருத்துதல். டெட்ராய்ட்டின் மூத்த ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது உண்மையே. நம் மன்றத்தில் முன்னாள் ஆட்டக்காரர்கள் இல்லையா? மாலை நேரத்தில் திடலோரம் நின்று குறை கூறிக்கொண்டிருக்கும் அண்ணன்மார்களை உள்ளே அழைத்து, ஆளுக்கு ஒரு பிள்ளையை ஒப்படையுங்கள். அதற்குச் செலவு ஏதும் இல்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை தோற்று வீடு திரும்பும் நாளில், "எத்தனை கோல் வாங்கினாய்?" என்று கேளாதீர்கள். "இன்று உனக்குச் சொன்ன வேலை எது? அதைச் செய்தாயா?" என்று கேளுங்கள். "செய்தேன்" என்று அவன் நிமிர்ந்து சொல்வானாயின், அவன் தோற்கவில்லை. "செய்யவில்லை" என்பானாயின், மறுநாள் திருத்திக்கொள்ள வேண்டியது எது என்பதை அவனே அறிந்துகொள்வான்.

தொடர்ந்து தோற்கும் குழு ஒன்று உங்கள் பொறுப்பில் இருக்குமாயின், பெயர்ப் பட்டியலில் கோடு கிழிப்பதற்குமுன் ஒரு பருவமேனும் இம்முறையை முயன்று பாருங்கள் எனக் கேட்டுக்கொள்கிறேன்.